தொழிலில் முடிவு எங்கே சிக்குகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் பலகாரக் கடை, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, கண்டாங்கிச் சேலை வியாபாரம், பழைய வீட்டில் தங்கும் விடுதி என்று நடத்துகிறவர்களுக்கான வழிமுறை இது. உங்கள் கடையில் எந்த அறிகுறி தெரிகிறதோ நேரே அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். அதற்கு முன்னால் இரண்டு விஷயம்.

முதலாவது, கணக்கு. அன்றாட வரவுசெலவை எழுதும் நாள்வழியும், அதைத் தலைப்புவாரியாகப் பிரித்து எழுதும் பேரேடும் ஒரு வாரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் கீழே உள்ள எந்தச் சோதனையும் வேலை செய்யாது. அதை எழுதி முடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, முடிவுகளில் இரண்டு ஜாதி உண்டு. எடுத்த முடிவைத் திருப்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அல்லது திருப்பினால் ஒரு மாத லாபத்துக்கு மேல் போகும் என்றால் அது வியூக முடிவு. அதற்குள் அடங்கினால் உத்தி முடிவு. தொகையை வைத்து மட்டும் பிரித்தால் ஏமாந்து போவீர்கள். எட்டு லட்சத்துக்கு எண்ணெய் வாங்கிப் போடுவது தொகையில் பெரிது. ஆனால் ஒன்றரை மாதத்தில் சட்டியில் தீர்ந்துவிடும், ஆகவே உத்தி. சென்னைக் கடைக்காரரிடம் "நாற்பத்தஞ்சு நாள் கழிச்சுக் குடுங்க" என்று போனில் சொல்வதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் ஒருமுறை கொடுத்த கடன் நாளைக் குறைத்தால் வாடிக்கையே போகும். அது வியூகம். தொழிலில் வரும் முடிவுக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துகொள்வதால் வருபவை.

அறிகுறி 1: எல்லாக் கேள்வியும் முதலாளியின் போனுக்கே வருகிறது

"அண்ணே, பத்து கிலோ வாங்குறாங்க, குறைச்சுக் கேக்குறாங்க, என்ன செய்ய?" ஒரு நாளைக்கு இப்படி இருபது அழைப்பு வந்தால் முதலாளிக்குத் தன் கடை தன் கையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் கடை நின்று நின்று ஓடுகிறது. அவருக்கும் பெரிய விஷயத்தை யோசிக்க நேரமில்லை.

சோதனை: ஏழு நாளைக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு அழைப்பையும் குறியுங்கள். யார், என்ன கேட்டார், எத்தனை ரூபாய் சம்பந்தப்பட்டது, நீங்கள் என்ன சொன்னீர்கள். வாரக் கடைசியில் பாருங்கள். ஒரே கேள்விக்கு மூன்று முறை ஒரே பதில் சொல்லியிருந்தால் அது முடிவே இல்லை, விதி. விதியைச் சொல்ல முதலாளி தேவையில்லை.

சரிசெய்ய: ஒரு அரைத்தாளில் அதிகார அளவு எழுதிக் கல்லாப் பக்கம் ஒட்டுங்கள். உதாரணமாக, பத்து கிலோவுக்கு மேல் வாங்கினால் கிலோவுக்கு 10 ரூபாய் வரை கல்லாவில் இருப்பவரே குறைக்கலாம். உடைந்த, நமுத்த சரக்கை 1,000 ரூபாய் வரை கேள்வி கேட்காமல் மாற்றித் தரலாம். சரக்கு கொள்முதலுக்கு மேனேஜர் 25,000 ரூபாய் வரை தானே ஆர்டர் போடலாம். அளவை எப்படி நிர்ணயிப்பது? நோட்டில் வந்த தொகைகளை வரிசைப்படுத்தி, பத்தில் எட்டு அழைப்புகள் எந்தத் தொகைக்குள் அடங்குகின்றனவோ அதை வையுங்கள்.

இது தோற்பது ஒரே இடத்தில்தான். சீட்டு ஒட்டிய மறுநாள் பையன் பழக்கத்தில் போன் செய்வான். முதலாளியும் பழக்கத்தில் பதில் சொல்லிவிடுவார். அந்த மாதம் முழுக்க "சீட்டில் என்ன போட்டிருக்கு?" என்பது மட்டுமே பதிலாக இருக்க வேண்டும். அவன் எடுத்த முடிவு தப்பாகிப் போனால், அளவுக்குள் இருந்தவரை, திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் அடுத்த வாரமே நோட்டு நிரம்பிவிடும்.

செட்டிநாட்டுக்கு இது புதுப் பாடமில்லை. முதலாளி ஊரில் இருப்பார். ரங்கூனிலோ சைகோனிலோ வட்டிக்கடையை மேலாள் நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். கடிதம் கப்பலில் போய்ப் பதில் வருவதற்குள் கடன் கேட்டவர் வேறு கடைக்குப் போயிருப்பார். ஆகவே யாருக்கு, எவ்வளவு, எந்த ஈட்டின் பேரில் கொடுப்பது என்பது மேலாள் பொறுப்பு. எந்த ஊரில் கடை, எவ்வளவு முதல், யார் மேலாள் என்பது முதலாளி பொறுப்பு. பொதுவாக மூன்று வருஷம் ஒரு தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அதிகாரம் கொடுத்ததோடு அதற்கு ஒரு முடிவுத் தேதியும் வைத்திருந்தார்கள். இன்றைய கடைகளில் முதலாவது இருந்தாலும் இரண்டாவது இருப்பதில்லை.

அறிகுறி 2: விற்பனை ஏறுகிறது, கையில் காசு இல்லை

பணத்தை யாராவது எடுக்கிறார்களோ என்று சந்தேகம் வரும் இடம் இது. சந்தேகப்படுவதற்கு முன் நாட்களைக் கூட்டிப் பாருங்கள்.

ஒரு பலகாரத் தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். உளுந்து, அரிசி, எண்ணெய், நெய் எல்லாம் சேர்ந்து 20 நாள் சரக்காக இருக்கிறது. செய்த முறுக்கும் சீப்புச் சீடையும் 10 நாள் அலமாரியில். வெளியூர்க் கடைக்குக் கடன் 45 நாள். நமக்கு மளிகைக்காரர் கொடுக்கும் கடன் 15 நாள். 20 + 10 + 45 − 15 = 60 நாள். ஒரு நாளைக்கு 40,000 ரூபாய் செலவாகிறது என்றால் 24 லட்சம் ரூபாய் எப்போதும் தெருவில் நிற்கிறது. விற்பனையை இரட்டிப்பாக்கினால் இன்னொரு 24 லட்சம் வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவருவது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. விற்பனையை ஏற்றுவதென்று மட்டும் முடிவெடுத்தார்கள்.

நான்கு எண்ணில் எது பெரிதோ அதில் கை வையுங்கள். பெரும்பாலும் அது வெளியூர்க் கடன். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் வாங்கியவர் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிய தொகையை அவர் எந்த ஆண்டில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் இதை மரியாதையாக நினைவூட்டினால் போதும், பல பழைய பாக்கி வந்துவிடும். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்து வையுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, பணம் தாமதமாவதற்கு எதிரான இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, "சீக்கிரம் குடுத்தா ரெண்டு பர்சன்ட் தள்ளுபடி" என்று ஆரம்பிப்பது. 30 நாள் முன்னால் வாங்குவதற்கு 2 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதத்துக்கு மேல் வட்டி. வட்டித் தொழில் செய்த மண்ணில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் இதைவிட மலிவாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

அறிகுறி 3: விலை குறைத்தால்தான் நகர்கிறது

கிலோ 400 ரூபாய், ஒவ்வொரு கிலோவுக்கும் கூடவே ஏறும் செலவு 280, மிஞ்சுவது 120. பத்து சதவீதம் குறைத்தால் மிஞ்சுவது 80. பழைய லாபம் நிற்க வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். தள்ளுபடி போட்ட மாதம் உண்மையிலேயே அவ்வளவு ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் அது உத்தி வேஷத்தில் வந்த நஷ்டம்.

விலையை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிதாக முடிவுசெய்வதை நிறுத்துங்கள். ரங்கூன் மொகல் தெருவில் செட்டிநாட்டு நகரத்தார் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். மற்ற நாளில் அதை வைத்துத்தான் கணக்கு. அதேபோல மாதம் ஒரு நாள் விலைப் பட்டியல், அடுத்த மாதம் வரை அதுவே.

அறிகுறி 4: ஆளைக் கூட்டியும் டெலிவரி தாமதம்

கல் பட்டறையில் இது அப்பட்டமாகத் தெரியும். மேசைமேல் கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் அறை ஒவ்வொன்றிலும் நிறம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் பூ கண்ணாடிமேல் நிற்கும், ஓரம் கலையாமல். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூள், அப்புறம் ஈரக் கலவை, கரணையால் மட்டம். கை பழகியவர் சில நிமிஷத்தில் ஒரு கல்லை முடித்துவிடுவார். பார்க்கிறவருக்கு "இன்னும் நாலு பேரைப் போட்டால் இரட்டிப்பு வரும்" என்று தோன்றும்.

வராது. காய்ந்த கல் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். தொட்டி 1,200 கல் பிடிக்கிறது, நாலு நாள் ஊறுகிறது என்று வைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து நாளைக்கு 300 கல்தான் வெளியே வரும். பத்து அங்குலக் கல்லில் அது சுமார் 208 சதுர அடி. மேசையில் நாளைக்கு 400 போட்டாலும் 500 போட்டாலும் டெலிவரி 208 சதுர அடிதான். மீதி தொட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்.

சோதனை: எந்தக் கட்டத்துக்கு முன்னால் சரக்கு குவிகிறது என்று மூன்று நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். அங்கேதான் அடைப்பு. விற்பனை ஆள் வாக்குக் கொடுக்கும் தேதி அந்த இடத்தின் கொள்ளளவை வைத்துத்தான் இருக்க வேண்டும். 1,000 சதுர அடி கூடத்துக்கு 1,440 கல், உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 1,512. தொட்டிக்கு அது ஐந்து நாள் வேலை. முதல் கல் வெளியே வரவே மேலும் நாலு நாள். காய்வதற்கும் ஏற்றுவதற்கும் தனி. "ஒரு வாரத்துல தர்றோம்" என்று சொன்னவர் தொட்டியைப் பார்க்காதவர்.

தப்பான தீர்வு: ஊறும் நாளைக் குறைப்பது. சிமெண்டுக்குத் தண்ணீர் போதாமல் கல் பலமில்லாமல் போகும், பதித்தபின் விரிசல் விடும்; மாற்றுக் கல்லுக்கு மறுபடி அதே தொட்டிதான். சரியான தீர்வு இரண்டு: வாக்குத் தேதியைத் தொட்டியின் கொள்ளளவுக்கு ஏற்பக் கொடுப்பது, அல்லது இரண்டாவது தொட்டி கட்டுவது. ஆட்களை எடுப்பது, நிறுத்துவது உத்தி முடிவு. இரண்டாவது தொட்டி கட்டுவது வியூக முடிவு. ஆறு மாத ஆர்டர் தொட்டியின் கொள்ளளவைத் தாண்டி நிற்கிறது என்றால்தான் தொட்டி. ஒரு பெரிய ஓட்டல் ஆர்டரை நம்பி மட்டும் கட்டாதீர்கள்.

அறிகுறி 5: பண்டிகைக்குச் சரக்குப் போதவில்லை, மறுவாரம் மிச்சம்

தீபாவளிக்கு எவ்வளவு போடுவது என்பதை மனசு சொல்வதைக் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். ஒரு கிலோ குறைவாகப் போட்டால் இழப்பு 120 ரூபாய். ஒரு கிலோ மிஞ்சி, மறுவாரம் 200 ரூபாய்க்குத் தள்ளினால் இழப்பு 80. 120 ÷ (120 + 80) = 60 சதவீதம், அதாவது ஐந்தில் மூன்று. கடந்த ஐந்து தீபாவளி விற்பனையைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, மூன்றாவது எண்ணை எடுங்கள். அந்த அளவு போடலாம். தொழில் ஒரே சீராக வளர்ந்து வந்திருந்தால் பழைய எண்களை அந்த விகிதத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் மாதிரி அன்றைக்கே தீர வேண்டியதற்கு மறுநாள் விலை பூஜ்யம். கணக்கு 120 ÷ (120 + 280) = 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதை ஆர்டர் பேரில் மட்டும் செய்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. சரக்குத் தீர்ந்த வருஷம் விற்ற எண், கேட்ட எண் ஆகாது. "இல்லை" என்று திருப்பி அனுப்பியதைக் கல்லாவில் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் விற்பனை இறங்குவது கோளாறு இல்லை. அதற்கு மருந்து தேடாதீர்கள்.

அறிகுறி 6: எல்லோரும் சம்மதித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை

பங்காளிகள் கூடிய கூட்டத்தில் இது சகஜம். சோதனை எளிது: ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "நாம என்ன முடிவு பண்ணுனோம்?" என்று எழுதச் சொல்லுங்கள். நாலு பேர் நாலு விதமாக எழுதினால் முடிவே நடக்கவில்லை, காபிதான் நடந்திருக்கிறது.

பழைய வீட்டை விடுதியாக்கும் விஷயத்தில் இது பணத்தைச் சாப்பிடும். ஆறு அறைக்குக் குளியலறை, குழாய், மின்வேலை சேர்த்து அறைக்கு மூன்றரை லட்சம், மொத்தம் 21 லட்சம் என்று வையுங்கள். மாதம் 70,000 மிஞ்சினால் போட்ட பணம் திரும்ப 30 மாதம். ஆனால் கையில் இருப்பதோ 11 மாத ஒப்பந்தம். அந்தக் காலத்துக்குள் 7 லட்சத்து 70 ஆயிரம்தான் வரும். வியூகப் பணத்தை உத்திக் காகிதத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் செலவுக்குப் பயந்து 11 மாதம் எழுதுகிறவர் சுவரில் துளை போடக் கூடாது. பணம் திரும்பும் காலத்தைப் போல இரண்டு மடங்காவது, இங்கே ஐந்து வருஷம், பதிவுக் குத்தகை இருக்கட்டும். எல்லாப் பங்குதாரரின் கையெழுத்தும் வேண்டும். மலேசியாவில் இருக்கும் பங்காளி அதிகாரப் பத்திரம் அனுப்பினால் அங்குள்ள இந்தியத் தூதரகச் சான்றோடு வர வேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

முடிவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு வரை, என்ன நடந்தால் நிறுத்துவோம், எப்போது மறுபடி பார்ப்போம். "என்ன நடந்தால் நிறுத்துவோம்" என்ற வரியை நிரப்பச் சொல்லும்போதுதான் கூட்டத்தில் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும்.

அறிகுறி 7: யாரும் முடிவெடுக்காமலே தொழில் வேறு தொழிலாகிவிட்டது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், வலி தெரியாது. பலகாரக் கடை மெல்ல மெல்லக் கடன் கொடுக்கும் கடையாகிவிடும். சேலைக் கடையின் பணமெல்லாம் மனைக்கட்டில் போய் உட்கார்ந்துவிடும்.

பர்மாவில் நடந்ததைப் பாருங்கள். நகரத்தார் அங்கே செய்தது நிலத்தின் பேரில் கடன் கொடுக்கும் தொழில். நிலம் அவர்கள் கேட்ட பொருள் அல்ல. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மேலாளும் தன் கடையில் எடுத்த முடிவு சரியே: பணம் வராவிட்டால் நிலத்தையாவது எடு. 1937 வாக்கில் அது கால் பங்கு நிலமாகியிருந்தது. பணம் புரட்டும் தொழில், விற்கவும் முடியாத, ஊருக்கு எடுத்துவரவும் முடியாத நிலச் சொத்தாக மாறியிருந்தது. 1942இல் ஜப்பான் படையெடுப்பு, 1948இல் நில தேசியமயச் சட்டம். ஆயிரம் உத்தி முடிவுகள் கூடி ஒரு வியூகம் ஆனது. அந்த வியூகத்தை எடுத்தவர் என்று ஒருவரும் இல்லை.

அதே பத்தாண்டில் வேறு திசையை உட்கார்ந்து முடிவு செய்தவர்களும் உண்டு. 1900இல் பர்மாவில் வட்டித் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930களில் மூலதனத்தை இந்தியாவுக்கு நகர்த்தியது. 1949இல் சைக்கிள் உற்பத்திக்கு வந்தது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நேரத்தில் திறந்தார்.

சோதனை: இந்த வருஷ ஐந்தொகையையும் (சொத்து, கடன் பட்டியல்) மூன்று வருஷத்துக்கு முந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சரக்கு, வரவேண்டிய பாக்கி, இயந்திரம், நிலம்-கட்டடம், ரொக்கம் என்று ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். எந்தத் தலைப்பாவது 10 புள்ளிக்கு மேல் நகர்ந்திருந்தால், அதற்கான முடிவு எந்தத் தேதியில், யாரால் எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். தேதி கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அந்தத் தலைப்புக்கு இன்றே ஓர் உச்சவரம்பு எழுதுங்கள்: "வரவேண்டிய பாக்கி மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டினால் புதுக் கடன் நிறுத்தம்." தாண்டியதைக் கணக்கப்பிள்ளை சொல்ல வேண்டும், மாதாமாதம், கேட்காமலே.

அறிகுறி 8: மகன் வந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார், அப்பச்சி (அப்பா) ஒன்றையும் தொடாதே என்கிறார்

இரண்டு பேரும் உத்தியில் தீரும் விஷயத்தை வியூகமாக்கிச் சண்டை போடுகிறார்கள். ஆன்லைன் விற்பனைதான் சண்டை என்றால் ஒரே பலகாரம், ஒரே பேக்கிங், 60 நாள், 50,000 ரூபாய் உச்சவரம்பு. கூரியரில் முறுக்கு உடைந்து போகிறதா என்பதை முதல் பத்துப் பார்சலிலேயே சொல்லிவிடலாம். பார்சல் போய்ச் சேர்ந்ததும் திறந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கால் கிலோவில் நூறு கிராம் தூளாக இருந்தால் 60 நாள் வரை காத்திருக்க வேண்டாம், டப்பாவை மாற்றுங்கள், அல்லது முறுக்கை விட்டுவிட்டு மாவுருண்டைக்குப் போங்கள்.